பழைய சொகுசு காரில் டயர் பிரஷர் விளக்கு எரிகிறதா? சென்சாரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் 2011 மாடல் ஜெர்மன் செடான் ஒன்று எடுத்திருக்கிறார். எடுத்த மூன்றாவது வாரமே டேஷ்போர்டில் மஞ்சள் டயர் விளக்கு வந்துவிட்டது, நான்கு சக்கரத்துக்கும் எண் காட்ட வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் தெரிகிறது. ஒரு இடத்தில் நான்கு சென்சாரையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்களாம், இன்னொரு இடத்தில் "விளக்கே வராத மாதிரி பண்ணிக் கொடுத்துடறேன்" என்றார்களாம். எதைச் செய்வது, நைட்ரஜன் அடித்தால் சரியாகுமா, இதுதான் கேள்வி.

தம்பி, இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். கும்பகோணத்தில் டயர், அலைன்மென்ட் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்: எது செத்திருக்கிறது என்று பார்க்காமல் இந்த விளக்குக்குச் செலவு செய்கிறவர்கள் பாதிப் பேர் இரண்டு தடவை செலவு செய்கிறார்கள்.

விளக்கை மறைக்கிற வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்கு உள்ளபடியே கோபம் வருகிற விஷயம். இரண்டு வருஷம் முன்னால் திருவாரூர் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. "லேசா இடது பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் பாத்துடுங்க" என்றார். ரன்ஃபிளாட் டயர். கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது, அந்த டயரின் பக்கச்சுவர் அவ்வளவு கெட்டி, காற்றே இல்லாவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும். கேஜ் வைத்தால் இடது பின் டயரில் 9 பிஎஸ்ஐ. கழட்டிப் பார்த்தோம், உள்ளே இரண்டு கைப்பிடி கறுப்பு ரப்பர் தூள், மிளகை இடித்துக் கொட்டியது போல. பக்கச்சுவரின் உள்பக்கம் வட்டம் முழுக்க வெடித்து நூல் தெரிந்தது. அந்த டயரில்தான் முந்தின நாள் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார். ரன்ஃபிளாட் என்பது காற்று போன பிறகு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் போவதற்குத்தான், அதுவும் காற்று போனது தெரிந்து மெதுவாகப் போனால். இவருக்குத் தெரியவே வழியில்லை. சாவியைத் திருப்பினால் மற்ற விளக்குகள் எல்லாம் ஒரு நொடி எரிந்து அணைந்தன, டயர் விளக்கு மட்டும் வரவில்லை. வாங்கும் முன்பே யாரோ அதை மறைத்திருக்கிறார்கள்.

பழைய சொகுசு கார் வாங்கப் போகிற எல்லோரும் இதைச் செய்யுங்கள்: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். டிபிஎம்எஸ், அதாவது டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கிற சிஸ்டம், உள்ள வண்டியென்றால் டயர் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். அந்த விளக்கு இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் விட்டு விட்டு எரிந்து, அப்புறம் நிலையாக எரிந்தால் சிஸ்டத்தில் பழுது என்று பொருள். ஆரம்பத்திலிருந்தே நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. ஜெர்மன் வண்டிகள் சில இதையே எழுத்தில் சொல்லும். பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை, காற்றுக் குறைவுக்குச் சென்சாரை மாற்றுகிறார்கள், சென்சார் பழுதுக்குப் பங்க்கில் போய்த் தினமும் காற்று பிடிக்கிறார்கள்.

அடுத்து, எல்லா வண்டியிலும் சக்கரத்துக்குள் சென்சார் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை உண்டு. ஒன்று நேரடி முறை: ஒவ்வொரு ரிம்மின் உள்ளேயும் வால்வின் அடியில் ஒரு சின்னப் பெட்டி, அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். இன்னொன்று மறைமுக முறை, அதில் டயருக்குள் எதுவுமே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதை ஏபிஎஸ் சென்சார்களை வைத்தே வண்டி கண்டுபிடித்துவிடும். ஈ90 என்று சொல்கிற அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ 3 சீரீஸ், அமெரிக்காவுக்கு வெளியே விற்றது பெரும்பாலும் இந்த மறைமுக முறைதான். அந்த வண்டிக்காரர் ஒருவரிடம் நான்கு சென்சார் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், மாற்றுவதற்கு அதில் சென்சாரே இல்லை. காற்றைச் சரியாக வைத்து மெனுவில் ரீசெட் கொடுத்ததோடு வேலை முடிந்தது. இந்த முறையில் ஒரு குறையும் உண்டு, நான்கு டயரிலும் ஒரே அளவில் காற்று இறங்கினால் அதற்குப் பிடிபடாமல் போகலாம்.

ஒரே மாடலில் ஏன் இப்படி இரண்டு வகை என்றால், 1986-ல் வந்த போர்ஷே 959-லேயே இந்த வசதி இருந்தது, ஆனால் கட்டாயமானது ரொம்பப் பின்னால். அமெரிக்காவில் 2000-ல் சட்டம் போட்டு 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கினார்கள், ஐரோப்பாவில் 2014 நவம்பரில்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது. இந்தியாவில் அப்போது கட்டாயமே இல்லை. அதனால் எந்த நாட்டுக்கு, எந்த வேரியண்டுக்கு என்பதைப் பொறுத்து மாறும். உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எண் வர வேண்டிய இடத்தில் கோடு வருகிறது என்கிறீர்கள், அப்படியானால் அது நேரடி முறைதான்.

நேரடி முறையில் முதல் வேலை, டிபிஎம்எஸ் டூல் வைத்திருக்கிற கடைக்குப் போவது. திருச்சி, தஞ்சாவூரில் பெரிய டயர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சின்னக் கைக்கருவிதான், வால்வுக்குப் பக்கத்தில் பிடித்துப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிற சென்சாரைத் தட்டி எழுப்பும், உயிரோடு இருந்தால் சென்சார் தன் ஐடி, அழுத்தம், வெப்பம் எல்லாம் சொல்லும், சில சென்சார்கள் பேட்டரி நிலையையும் சொல்லும். நான்கில் மூன்று பதில் சொல்லி ஒன்று பேசவில்லையென்றால் அந்த ஒன்று போயிருக்கிறது. நான்கும் பதில் சொல்கின்றன, ஆனால் வண்டி மட்டும் கோடு போடுகிறது என்றால் கோளாறு சக்கரத்தில் இல்லை, ரிசீவரிலோ ஆன்டெனாவிலோ வயரிலோ இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் நான்கு சென்சார் வாங்கச் சொல்கிற இடத்திலிருந்து வந்துவிடுங்கள்.

வயரை ஏன் சொல்கிறேன் என்றால் நம் ஊரில் எலி உண்டு. சில பழைய சொகுசு வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, மட்கார்டின் பிளாஸ்டிக் தட்டுக்குப் பின்னால் தனித்தனி ஆன்டெனா வைத்திருப்பார்கள். சம்பா அறுப்பு முடிந்த கையோடு வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டுப் பக்கம் ஏறும், நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலேயே காரையும் நிறுத்துகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன. ஒரு தை மாதக் கடைசியில் வந்த வண்டியில் பின்பக்கத் தட்டைக் கழட்டினால் உள்ளே வைக்கோல், உமி, பாதி கடித்த நெற்கதிரோடு ஒரு கூடு. பக்கத்தில் ஆன்டெனா வயர் பிளேடு போட்ட மாதிரி அறுந்து கிடந்தது. அந்த வண்டிக்காரர் ஏற்கெனவே இரண்டு சென்சார் மாற்றியிருந்தார். வயரை ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற சுருக்குக்குழாய் போட்டு ஓட்டச் சொன்னோம், கொஞ்ச தூரத்தில் எண் வந்துவிட்டது.

ஆனால் 2011 மாடல் என்றால் பேட்டரிதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதையும் மறைக்கவில்லை. சென்சாருக்குள் இருப்பது சின்ன லித்தியம் பேட்டரி, ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை வரும். வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும், ஓட ஆரம்பித்த பிறகுதான் விழித்து அனுப்பும், அப்படிச் சிக்கனம் பிடித்துத்தான் இத்தனை வருஷம் ஓடுகிறது. நான்கும் ஒரே நாளில் பிறந்தவை, ஒன்று போனால் மற்றவையும் வரிசையாகப் பின்னாலேயே போகும். ஒரிஜினல் சென்சாரே இன்னும் இருக்கிறது என்றால் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று மாதம் கழித்து இன்னொன்றுக்கு மறுபடி டயரைக் கழட்டுவதைவிட நான்கையும் சேர்த்து மாற்றுவது லாபம். அடுத்த டயர் மாற்றும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் கழட்டி மாட்டும் கூலியும் மிச்சம். சில வண்டிகளில் ஸ்டெப்னியிலும் ஐந்தாவது சென்சார் இருக்கும், நான்கையும் மாற்றிய பிறகும் விளக்கு போகவில்லையே என்று தவிக்கிறவர்கள் டிக்கியைத் திறந்து அதையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்பார்கள். பிசினில் புதைத்து மூடியிருப்பார்கள், அதை அறுத்துப் புது பேட்டரி சால்டர் வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் ரிம்மின் விளிம்பில் இருக்கிற பொருளின் மீது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 150 மடங்கு விசை இருக்கும். 30 கிராம் சென்சார் நாலரைக் கிலோ எடையாக வெளிப்பக்கம் இழுக்கும், அதுவும் குழியிலும் ஸ்பீடு பிரேக்கரிலும் அதிர்ந்துகொண்டே. கையால் வைத்த சால்டரை நம்பி அதை உள்ளே போட எனக்கு மனசு வராது.

இனி இந்தப் பக்கத்து வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற சாவு எது என்றால், உப்பு. நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் சென்சார் மின்னணு நன்றாக இருக்கும், அலுமினிய வால்வுதான் அரித்துப் போயிருக்கும். காரைக்கால் வண்டி ஒன்றில் காற்று பார்க்க மூடியைத் திருகினேன், மூடி நகரவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் வால்வே கையோடு முறிந்து வந்தது. முறிந்த இடத்தில் வெள்ளை மாவு, சுண்ணாம்பு ஒட்டியது போல. பார்த்தால் காரணம் தெளிவாக இருந்தது. யாரோ பளபளவென்று இருக்கட்டும் என்று பித்தளை மூடி போட்டிருக்கிறார்கள், உள்ளே காற்றை அடைத்து நிறுத்துகிற வால்வு பின்னும் சாதாரணப் பித்தளை. அலுமினியமும் பித்தளையும் ஒட்டிக்கொண்டிருக்க உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். ரோட்டில் ஓடும்போது முறிந்திருந்தால் காற்று ஒரேயடியாகப் போயிருக்கும். அதனால் அலுமினிய வால்வு என்றால் நிக்கல் பூச்சுள்ள வெள்ளைப் பின்தான் போட வேண்டும், தங்க நிறத்தில் இருக்கிற பித்தளைப் பின் ஆகாது. மூடி பிளாஸ்டிக்கே போதும். கடலோர வண்டிக்காரர்கள் மாதம் ஒரு தடவை மூடியைக் கழட்டி மாட்டினாலே இறுகிப்போவது தெரிந்துவிடும்.

சென்சார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. இங்கும் ஐரோப்பாவிலும் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கா, ஜப்பானில் பெரும்பாலும் 315. வெளியில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்தார் என்று நான்கு சென்சாரை நம்பிக்கையோடு கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வருத்தமாகத்தான் இருந்தது. பழைய சென்சாரின் மேல் பார்ட் நம்பரும் அலைவரிசையும் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்தே வாங்குங்கள். ஒரிஜினலேதான் வேண்டும் என்பதில்லை. புரோகிராம் செய்யக்கூடிய யுனிவர்சல் சென்சார்கள் வருகின்றன, தரமான கம்பெனியுடையது நன்றாகவே உழைக்கிறது, விலையும் கணிசமாகக் குறைவு.

அதில் இன்னொரு வசதி இருக்கிறது, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஐடி உண்டு, வண்டி அந்த ஐடியைத்தான் தேடும். பழைய ஐடியையே புது யுனிவர்சல் சென்சாரில் எழுதிவிட்டால் மாற்றியது வண்டிக்குத் தெரியவே தெரியாது, பதிவு செய்கிற வேலை மிச்சம். ஜெர்மன் வண்டிகளில் பல, மெனுவில் ரீசெட் கொடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் புது ஐடியைத் தானாகவே கற்றுக்கொள்ளும். ஆனால் பழைய லெக்ஸஸ் போன்றவற்றுக்கு ஸ்கேனரை மாட்டி ஐடியை உள்ளே எழுத வேண்டும், அந்த ஸ்கேனர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. செத்த சென்சாரிடம் டூல் வைத்து ஐடி கேட்க முடியாது, ஆனால் அதன் உடம்பில் பெரும்பாலும் அச்சடித்திருக்கும். எனவே எந்தக் காரணத்துக்காக டயரைக் கழட்டினாலும், பஞ்சர் போடவே கழட்டினாலும், பக்கத்தில் நின்று சென்சாரை ஒரு போட்டோ எடுத்து எந்தச் சக்கரம் என்றும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நிற்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நல்ல சென்சார்கள் உடைவது பெரும்பாலும் டயர் மெஷினில்தான். பீடிங்கை, அதாவது ரிம்மில் உட்காருகிற டயர் விளிம்பை, பிரிக்கிற அந்த இரும்புத் தட்டு வால்வு இருக்கிற பக்கம் அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும், வால்வுக்கு எதிர்ப்பக்கம் வைத்துத்தான் அழுத்த வேண்டும். வேலை செய்கிற பையனிடம் "உள்ள சென்சார் இருக்கு தம்பி, வால்வுக்கு எதிர்ல வச்சுப் பிரிங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டும்போது ரப்பர் வாஷர், நட், பின், மூடி நான்கும் புதிதாகப் போட வேண்டும், கிட்டாகவே கிடைக்கிறது. பத்து வருஷ ரப்பர் வாஷரைத் திரும்பப் போட்டால் அங்கிருந்துதான் கசியும். நட்டை ஸ்பேனரில் பலமெல்லாம் காட்டி இறுக்கக் கூடாது, இறுக்கத்தை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்சில் அந்தச் சென்சாருக்குச் சொன்ன அளவுதான் இறுக்க வேண்டும், பிறகு நட்டின் அடியில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக மாட்டியும் பத்து நாளில் "மறுபடி விளக்கு வந்துட்டுது" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் ரீசெட் செய்த நேரத்தின் தப்பு. பல வண்டிகள் ரீசெட் கொடுத்த நேரத்தில் இருக்கிற அழுத்தத்தைத்தான் சரியான அளவாக மனதில் வைத்துக்கொள்ளும். ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவோ குளிர்ந்த டயருக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து ஓட்டி வந்து டயர் 60 டிகிரியில் இருக்கும்போது 32 வைத்தீர்கள் என்றால், விடியற்காலை 25 டிகிரிக்கு அது 27-க்கு வந்துவிடும். அதே டயர் மார்கழி விடியலில் இன்னும் கீழே போகும். பாதிப் பேருக்கு விளக்கு மார்கழியில் முதல் தடவையாக வருவது இதனால்தான், பஞ்சரும் இருக்காது ஒன்றும் இருக்காது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே, சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி வைத்து அளந்து, டிரைவர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்ளேயோ இருக்கிற ஸ்டிக்கர்படி வைத்து, அதன் பிறகு ரீசெட் கொடுங்கள். ஸ்டிக்கரில் பார் கணக்கில் இருந்தால் 2.2 பார் என்பது 32 பிஎஸ்ஐ.

காலையில் பார்த்த அளவு இரண்டு மூன்று நாளில் ஒரே டயரில் மட்டும் இறங்குகிறது என்றால் வேலிக்கருவை முள்ளைத் தேடுங்கள். நம் பக்கத்து ரோட்டோரத்தில் வண்டியை இறக்கி ஏற்றினால் ஒன்றாவது ஏறிவிடும், வெளியே நுனி முறிந்து உள்ளே மட்டும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்காக டயருக்குள் பஞ்சர் ஜெல் ஊற்றிவிடாதீர்கள். சென்சார் அழுத்தத்தை உணர்கிற துளை ஊசிமுனை அளவுதான், ஜெல் போய் அடைத்தால் தப்பான எண் காட்டும்.

வால்வு மூடிக்குப் பதிலாக வெளியில் திருகுகிற சென்சாரும் டேஷ்போர்டில் வைக்கிற சோலார் டிஸ்பிளேயும் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரிஜினல் சிஸ்டத்தின் மாடியூலே போய்விட்டது, கிடைக்கவும் இல்லை என்றால் வாங்கலாம், எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும், அந்த மூடியின் ரப்பர் கசிந்தால் காற்று அது வழியாகவே போகும். அலுமினிய வால்வில் பித்தளைத் திருகு என்றால் மேலே சொன்ன உப்புக் கதைதான். முடிந்தால் உள்ளே மாட்டுகிற வகையை எடுங்கள்.

நைட்ரஜன் அடித்தால் விளக்கு போகாது. நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் குறைவு என்பதால் அடிப்பதில் தப்பில்லை, கெட்டுப்போன சென்சாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டூல் வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை சென்சார் பதில் சொன்னது என்று எழுதுங்கள் தம்பி, உங்கள் மாடல் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அதுவரைக்கும் ஓட்டலாம், தினமும் காலையில் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு. ரன்ஃபிளாட்டாக இருந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேஜ் வைக்காமல் திருச்சி ரோட்டில் ஏறவும் ஏறாதீர்கள்.